அழையாமல் திறக்கும் சாளரங்கள்

பழந்தமிழர் சாளரத்தைக் 'காலதர்' என்று வழங்கினர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி என்பதே அச்சொல்லின் பொருள். வீட்டிலிருப்பவர் விரும்பும்போது திறப்பதற்கும் வேண்டாதபோது அடைப்பதற்கும் உரியது சாளரம். கணினித்திரையில் தோன்றும் செவ்வகப் பரப்பிற்கும் சாளரம் என்றே பெயர் அமைந்தது. ஆனால், இச்சாளரத்தைத் திறக்கும் உரிமை வீட்டாரிடம் மட்டும் இல்லை. எங்கோ இருக்கும் ஒருவர் எழுதிய நிரல், வெளியிலிருந்தே அதனைத் திறந்துவிடுகிறது. வேண்டாத விளம்பரம், போலி எச்சரிக்கை, பரிசுச் செய்தி எனப் பல வடிவங்களில் அது தோன்றுகிறது. இதனையே பாப்-அப் அல்லது மேலெழு சாளரம் என்கின்றனர்.

பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் ஒரு காலைப்பொழுதை எண்ணிப் பார்க்கலாம். மடிக்கணினியின் முன் மாணவி அமர்ந்திருக்கிறாள். பின்னால் தாயும் தந்தையும் நிற்கின்றனர். தேடுபொறி காட்டிய பட்டியலில் முதலில் கண்ணில் பட்ட தளத்தை அவள் சொடுக்குகிறாள். மதிப்பெண் வருவதற்கு முன் வேறொரு சாளரம் எழுகிறது. அதனை மூடினால் இன்னொன்று. மூன்றாவதாக எழுந்த சாளரம் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, 'உங்கள் கணினி பூட்டப்பட்டது' என்று செந்நிற எழுத்தில் அறிவிக்கிறது. அபாயச் சங்கு ஒலிக்கிறது. அடியில் ஒரு தொலைபேசி எண் இருக்கிறது. அக்கணினியில் குடும்பத்தின் பல்லாண்டு ஒளிப்படங்கள் உள்ளன. கல்லூரி விண்ணப்பத்திற்கான சான்றிதழ்களின் நகல்கள் உள்ளன. தந்தை வங்கிக்கணக்கைக் காண்பதும் அதிலேதான். அவர் பதறிக் கைப்பேசியை எடுக்கிறார். அந்த எண்ணை அவர் அழைப்பதும் அழைக்காமல் விடுவதும் அக்குடும்பத்தின் சேமிப்பைத் தீர்மானிக்கக்கூடும். அந்த ஒரு நிமிடத்தில் கைகொடுக்கக்கூடியது, அச்சாளரம் எவ்வாறு திறந்தது என்னும் அறிவே ஆகும்.

விளம்பரம் தனிச்சாளரம் பெற்ற வரலாறு

1994ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், 'ஹாட்வயர்ட்' என்னும் அமெரிக்க இணைய இதழ் தன் பக்கங்களில் பட்டை விளம்பரங்களை வெளியிட்டது. இணைய விளம்பரத்தின் தொடக்கமாக அந்நாள் குறிக்கப்படுகிறது. செய்தித்தாளின் ஓரத்தில் அச்சிடப்படும் விளம்பரம்போல் அவையும் தமக்குரிய இடத்தில் அடங்கியிருந்தன. படிப்பவர் விரும்பினால் பார்க்கலாம். இல்லையேல் கடந்து செல்லலாம்.

அடுத்த ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பவர், ஒரு நிரல்மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாள்களில் உருவாக்கினார். பின்னர் ஜாவாஸ்கிரிப்ட் எனப் பெயர்பெற்ற அம்மொழி, அசைவற்றிருந்த இணையப் பக்கங்களுக்கு இயக்கம் தந்தது. புதிய சாளரம் ஒன்றைத் திறப்பதற்கான கட்டளையும் அதில் இடம்பெற்றது. படிவத்தைத் தனியே நிரப்பவும் உதவிக்குறிப்பைத் தனியே காட்டவும் பயன்படக்கூடிய, தன்னளவில் தீங்கற்ற கட்டளை அது.

அக்கட்டளையை விளம்பரத்திற்குத் திருப்பியவர்களுள் ஒருவர் ஈத்தன் சக்கர்மன். 1990களின் பிற்பகுதியில் 'டிரைபாட்' என்னும் நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். பொதுமக்கள் தம் சொந்த இணையப் பக்கங்களைக் கட்டணமின்றி அமைத்துக்கொள்ள அந்நிறுவனம் இடமளித்தது. வருவாய்க்கு விளம்பரத்தை நம்பியிருந்தது. கார் நிறுவனம் ஒன்று, தன் விளம்பரம் ஒருவருடைய ஆபாசப் பக்கத்தில் இடம்பெற்றிருப்பதைக் கண்டு சினமுற்றது. பக்கத்தோடு ஒட்டாமல் விளம்பரத்தைத் தனிச்சாளரத்தில் காட்டிவிட்டால் இச்சிக்கல் தீரும் என்று சக்கர்மன் கருதினார். அதற்கான நிரலை எழுதினார். ஒரு வாடிக்கையாளரின் மனக்குறையைத் தீர்க்க எழுந்த அவ்வழி, சில ஆண்டுகளில் உலகெங்கும் வெறுக்கப்படும் ஒன்றாயிற்று. 2014ஆம் ஆண்டு 'தி அட்லான்டிக்' இதழில் எழுதிய கட்டுரையில் அவர் இதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். கணினித்துறையில் தம் கண்டுபிடிப்புக்காக மன்னிப்புக் கேட்டவர்கள் மிகச் சிலரே.

விளம்பரம் என்பதே தீது என்று கொள்வதற்கில்லை. நாளிதழ் குறைந்த விலைக்குக் கிடைப்பதும், தேடுபொறி கட்டணமின்றி இயங்குவதும் விளம்பர வருவாயால்தான். படிப்பவரின் இசைவைக் கேளாமல் அவர் வேலையை இடைமறிப்பதும், மூடும் குறிபோல் வரையப்பட்ட ஒன்றைச் சொடுக்கச்செய்து வேறொரு தளத்திற்கு இழுத்துச்செல்வதும்தான் வரம்பு மீறல்.

சாம்பல்நிறப் பெட்டி

2002ஆம் ஆண்டளவில் வீட்டுக் கணினிகளில் புதுமையான தொல்லை ஒன்று தோன்றியது. உலாவியைத் திறக்காமலே, திரையின் நடுவில் சாம்பல்நிறப் பெட்டி ஒன்று எழும். அதில் ஏதேனும் ஒரு விளம்பர வாசகம் இருக்கும். விண்டோஸ் இயங்குதளத்தில் 'மெசஞ்சர்' என்றொரு சேவை இருந்தது. 'அச்சுப்பொறி வேலையை முடித்துவிட்டது', 'சேவையகம் சற்றுநேரத்தில் நிறுத்தப்படும்' என்பன போன்ற செய்திகளை அலுவலக வலையமைப்பின் நிர்வாகி அனுப்புவதற்காக ஏற்பட்டது அது. வீட்டுக் கணினிகளிலும் அது திறந்தே கிடந்தது. இணைய முகவரிகளை வரிசையாகத் தேடி, திறந்துகிடந்த கணினிகளுக்கெல்லாம் விளம்பரக்காரர்கள் செய்தி அனுப்பத் தொடங்கினர்.

இதில் ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. இப்பெட்டிகளைத் தடுக்கும் மென்பொருளை விற்பதாக இதே பெட்டிகளின் வழியே ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தது. தொல்லையைக் கொடுப்பதும் அதுவே. ஏறத்தாழ 30 டாலர் பெற்றுக்கொண்டு தொல்லையை நீக்குவதும் அதுவே. 2003ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. அச்சேவையை நிறுத்துவதற்குப் பணம் எதுவும் தேவையில்லை. கணினியின் அமைப்புகளில் ஒரு குறியை மாற்றினாலே போதும். அதை அறியாதவர்களே பணம் கொடுத்தனர்.

திறந்துகிடந்த கதவுகள் விளம்பரக்காரர்களுக்கு மட்டும் பயன்படவில்லை. 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் 'பிளாஸ்டர்' என்னும் கணினிப்புழு பரவத் தொடங்கியது. எந்தக் கோப்பையும் திறக்காமல், எதையும் சொடுக்காமல், இணையத்தோடு இணைந்திருந்ததாலேயே கணினிகள் பாதிக்கப்பட்டன. அறுபது நொடிகளில் கணினி நின்றுவிடும் என்னும் அறிவிப்பு தோன்றி, நொடிகள் குறைந்துகொண்டே வரும். பின் கணினி தானே நின்று மீண்டும் தொடங்கும். அக்குறையைச் சரிசெய்யும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஜூலை மாதமே வெளியிட்டிருந்தது. நிறுவிக்கொண்டவர் தப்பினர்.

இவ்விரு தொல்லைகளும் சேர்ந்து ஒரு மாற்றத்திற்கு வழிவகுத்தன. 2004ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சேவைத்தொகுப்பில், தீயரண் இயல்பாகவே இயங்குமாறு அமைக்கப்பட்டது. மெசஞ்சர் சேவை நிறுத்தப்பட்டது. உலாவியில் மேலெழு சாளரத் தடுப்பான் சேர்க்கப்பட்டது. ஓபரா, மொசில்லா ஆகிய உலாவிகள் அதற்கு முன்பே தடுப்பானைத் தந்திருந்தன. அது வரை பயனர் தேடிச்சென்று பூட்ட வேண்டியிருந்த கதவுகள், அதன்பின் பூட்டியே வழங்கப்பட்டன.

தடுப்பானும் அதனைத் தாண்டும் வழிகளும்

தடுப்பான் இயங்கும் முறை எளியது. பயனர் ஒன்றைச் சொடுக்கியதன் விளைவாகச் சாளரம் திறந்தால் அது அனுமதிக்கப்படும். பக்கம் தோன்றியவுடன் தானாகத் திறக்க முயன்றால் தடுக்கப்படும். வங்கித்தளம் கட்டணப்பக்கத்தைத் தனியே திறப்பது இதனால் தடைப்படுவதில்லை.

விதியை அறிந்தவர் அதன் இடைவெளியையும் அறிவர். பக்கத்தின் மீது கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்றைப் பரப்பிவிடுகின்றனர். பயனர் எங்கே சொடுக்கினாலும், அந்த முதற்சொடுக்கு படலத்தின்மீதே விழுகிறது. விளம்பரச் சாளரம் திறக்கிறது. உலாவியின் பார்வையில் அது பயனர் விரும்பித் திறந்த சாளரமாகிவிடுகிறது. சில சாளரங்கள் முன்னே எழாமல் பின்னே ஒளிந்து திறக்கின்றன. வேலை முடிந்து உலாவியை மூடும்போதுதான் அவை கண்ணில் படும். எந்தத் தளத்திலிருந்து வந்தவை என்று அப்போது கூற இயலாது. வேறு சில தளங்கள் புதிய சாளரத்தைத் திறப்பதையே விட்டுவிட்டு, அதே பக்கத்திற்குள் ஒரு பெட்டியை மிதக்க விடுகின்றன. பக்கத்தின் ஒரு பகுதியாகிவிடுவதால் தடுப்பான் அதைத் தொடுவதில்லை.

வினாத்தாளோ பாடக்குறிப்போ தேடும் மாணவர் பலரும் கண்ட காட்சி ஒன்று உண்டு. பக்கத்தில் 'பதிவிறக்கு' என்னும் பச்சைநிறப் பொத்தான்கள் மூன்றோ நான்கோ இருக்கும். அவற்றுள் ஒன்றே உண்மையானது, ஏனையவை விளம்பரங்கள். சுட்டியைப் பொத்தானின்மீது சொடுக்காமல் நிறுத்தினால், உலாவியின் கீழ் இடது மூலையில் அது செல்லும் முகவரி தெரியும். இருக்கும் தளத்திற்குத் தொடர்பில்லாத முகவரி தெரிந்தால் அதனை விட்டுவிடலாம்.

புதிய திரைப்படங்களைத் திருட்டுத்தனமாக வெளியிடும் தளங்களில் இத்தொல்லை மிகுந்திருப்பதற்கும் காரணம் உண்டு. நற்பெயரைக் காக்க விரும்பும் நிறுவனங்கள் அங்கே விளம்பரம் செய்வதில்லை. எஞ்சியிருப்போர் சூதாட்டக்காரரும் மோசடிக்காரருமே. அங்கே படம் இலவசம். விலையாகப் பெறப்படுவது பார்ப்பவரின் சொடுக்கு.

தொல்லையின் ஊற்றைக் காணுதல்

விளம்பரத்தை மூடுவதைவிட, அது எங்கிருந்து வருகிறது என்று காண்பதே பயன் தரும். நோய் முதல் நாடுதல் மருத்துவத்திற்கு மட்டும் உரியதன்று.

ஒரு குறிப்பிட்ட தளத்தில் மட்டும் விளம்பரம் எழுந்தால், குற்றம் அத்தளத்தினுடையது. அதனைத் தவிர்ப்பது எளிது. விளம்பரத் தடுப்பு நீட்சி ஒன்றை உலாவியில் சேர்த்துக்கொள்வதும் உண்டு. ஆயினும், இத்தகைய நீட்சிகள் பயனர் காணும் எல்லாப் பக்கங்களையும் படிக்கும் உரிமையைப் பெறுகின்றன. காவலுக்கு வைக்கும் ஆளின் நேர்மையை முதலில் ஆராய வேண்டும். பெயர் அறியாத நீட்சிகள் பலவற்றைச் சேர்ப்பது, விளம்பரத்தை விலக்கி உளவை அழைப்பதாக முடியும்.

உலாவி சிறிதாக்கப்பட்டிருக்கும்போதும், வேறு வேலை நடக்கும்போதும் திரையின் கீழ் வலது மூலையில் விளம்பரங்கள் நழுவி வந்தால், அவை பெரும்பாலும் அறிவிப்புகளாகும். 2015ஆம் ஆண்டு குரோம் உலாவி, இணையத்தளங்கள் பயனருக்கு அறிவிப்பு அனுப்பும் வசதியைத் தந்தது. செய்தித்தளமும் மின்னஞ்சலும் பயன்படுத்துவதற்காக ஏற்பட்ட வசதியை மோசடித்தளங்கள் பற்றிக்கொண்டன. 'நீங்கள் எந்திரன் அல்லர் என்பதை உறுதிசெய்ய, அனுமதி என்பதைச் சொடுக்குக' என்று அவை கேட்கும். சொடுக்கியவுடன் அறிவிப்பு அனுப்பும் உரிமை அவற்றுக்குக் கிடைத்துவிடும். தொல்லை பெருகவே, 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் இவ்வனுமதிக் கோரிக்கையைக் கண்ணை உறுத்தாதவாறு ஒதுக்கிவைத்தன. முன்பே கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. உலாவியின் அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, தள அமைப்புகளில் அறிவிப்புகள் என்பதைத் திறந்தால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். அறிமுகமற்ற பெயர்களை நீக்கினால் விளம்பரங்கள் அப்போதே நின்றுவிடும். கணினியில் நச்சுநிரல் புகுந்துவிட்டது என்று அஞ்சிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்லப்படும் கணினிகளில் இந்த ஒரு திருத்தமே போதுமானதாக இருப்பதும் உண்டு.

எல்லாத் தளங்களிலும், அரசுத் தளத்திலும்கூட விளம்பரம் எழுந்தால், கணினிக்குள்ளேயே விளம்பர நிரல் குடியேறியிருக்கக்கூடும். இலவசமாகக் கிடைக்கும் ஒளிப்பட மென்பொருளோடும் காணொளி இயக்கியோடும் இது ஒட்டிக்கொண்டு வரும். 'அடுத்து', 'அடுத்து' என்று படியாமலே சொடுக்கிச் செல்லும் பழக்கமே அதற்கு வாயில். நிறுவும்போது 'தனிப்பயன்' என்னும் முறையைத் தேர்ந்தால், கூட வரும் மென்பொருள்களின் பெயர்கள் தெரியும். அவற்றின் குறிகளை நீக்கிவிடலாம். விலைகொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் பூட்டை உடைத்துத் தரும் நிரல்கள் இவற்றினும் கொடியவை. நிறுவுமுன் நச்சுநிரல் தடுப்பானை நிறுத்தச் சொல்லும் மென்பொருள், தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது.

இனி, விளம்பரத்திற்கும் கணினிப் பாதுகாப்பிற்கும் உள்ள உறவைத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு ஒன்றைக் காணலாம். தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்தால், அப்பெயருக்குரிய எண்முகவரியைக் கண்டு சொல்லும் சேவையகங்கள் இணையத்தில் உள்ளன. டிஎன்எஸ் எனப்படும் இம்முறை தொலைபேசி அடைவினைப் போன்றது. 2007ஆம் ஆண்டு முதல் பரவிய 'டிஎன்எஸ்சேஞ்சர்' என்னும் தீநிரல், கணினி நாடும் அடைவினையே மாற்றிவைத்தது. பயனர் ஒரு தளத்தைக் கேட்டால், மோசடிக்காரரின் சேவையகம் விரும்பிய இடத்திற்கு அவரை அனுப்பிவைத்தது. பக்கங்களில் இருந்த விளம்பரங்களை நீக்கித் தம் விளம்பரங்களை அங்கே வைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 இலட்சம் கணினிகள் இதற்கு ஆளாயின. 2011ஆம் ஆண்டு நவம்பரில் எஸ்தோனியாவைச் சேர்ந்த அறுவர்மீது அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ குற்றம் சாட்டியது. அவர்கள் ஈட்டியதாகக் கூறப்பட்ட தொகை 1.4 கோடி டாலர். அந்தச் சேவையகங்களை அன்றே நிறுத்தியிருந்தால் இலட்சக்கணக்கானோர் இணையத்தை இழந்திருப்பர். ஆகவே, நீதிமன்ற ஆணையின்படி மாற்றுச் சேவையகங்கள் அமைக்கப்பட்டு, 2012ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் வரை இயக்கப்பட்டன.

விளம்பர இடமாற்றத்தோடு அத்தீநிரல் நிற்கவில்லை. இயங்குதளத்திற்கும் நச்சுநிரல் தடுப்பானுக்கும் வரவேண்டிய திருத்தங்களையும் அது தடுத்தது. விளம்பரத்திற்காகப் புகுந்தது, பின்னால் வரும் வேறு தீநிரல்களுக்கும் கதவைத் திறந்துவைத்தது. வேண்டாத விளம்பரத்தைச் சிறுதொல்லை என்று பொறுத்துக்கொள்வது ஏன் தவறு என்பதை இந்நிகழ்வு விளக்கும். வீட்டின் எல்லாக் கருவிகளிலும் ஒரே நேரத்தில் விளம்பரம் மிகுந்தால், வைஃபை திசைவியின் அமைப்புகளையும் ஆராய்தல் வேண்டும். திசைவியோடு நிறுவனம் தந்த கடவுச்சொல்லை மாற்றாமல் வைத்திருக்கும் வீடுகளே இத்தகைய மாற்றத்திற்கு எளிதில் இலக்காகின்றன.

செந்நிற எச்சரிக்கை

தேர்வுமுடிவைக் காண அமர்ந்த குடும்பத்தின் திரையில் எழுந்த எச்சரிக்கைக்கு மீண்டும் வரலாம். இணையப்பக்கம் ஒன்றால் கணினியின் வன்தட்டை ஆராய்ந்து நச்சுநிரலைக் கண்டுபிடிக்க இயலாது. பக்கங்கள் தம் எல்லையைத் தாண்டிக் கணினிக் கோப்புகளைத் தொடாதவாறு உலாவி அவற்றை வேலியிட்டு வைத்திருக்கிறது. ஆகவே, 'உங்கள் கணினியில் ஐந்து நச்சுநிரல்கள் உள்ளன' என்று கூறும் பக்கம் பொய் கூறுகிறது. அந்த எண்ணிக்கையும் நகரும் பச்சைக்கோடும் அபாயச் சங்கும் முன்பே வரைந்து வைக்கப்பட்ட படங்களும் ஒலிகளுமே. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இடம்பெறுவதில்லை என்று அந்நிறுவனமே அறிவித்துள்ளது.

திரை பூட்டப்பட்டதுபோல் தோன்றுவதும் ஒரு தோற்றமே. உலாவி முழுத்திரையில் விரிக்கப்பட்டிருப்பதால் மூடும் குறி மறைந்திருக்கிறது. எஸ்கேப் விசையைச் சற்று அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். அதற்கும் இசையாவிடில், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்திப் பணி மேலாளரைத் திறந்து, உலாவியை நிறுத்திவிடலாம். மீண்டும் திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று உலாவி கேட்டால் மறுத்துவிட வேண்டும்.

எண்ணை அழைத்துவிட்டால் நடப்பது வேறு. மறுமுனையில் பேசுபவர் பணிவோடு பேசுவார். தொலைவிலிருந்தே கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவச் சொல்வார். நிறுவியதும், விண்டோஸில் உள்ள நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்துகாட்டி, அங்கே வரிசையாக நிற்கும் செந்நிறப் பிழைக்குறிகளை நச்சுநிரல்கள் என்பார். நன்றாக இயங்கும் கணினியிலும் அப்பதிவேட்டில் அத்தகைய குறிகள் இருந்துகொண்டேதான் இருக்கும். அதனை அறியாதவர் அஞ்சுவார். பழுதுநீக்கக் கட்டணம் கேட்கப்படும். அதனைச் செலுத்த வங்கித்தளம் திறக்கப்படும். திரையில் நிகழும் அனைத்தையும் மறுமுனையில் இருப்பவர் பார்த்துக்கொண்டிருப்பார். கணினி அறிவு குறைந்த முதியோரே இதில் மிகுதியாகச் சிக்குகின்றனர். அவர்களைப் பழிப்பது முறையன்று. இம்மோசடி முதலில் குறிவைப்பது நம்பும் இயல்பையே.

அரண் அமைத்தல்

திருக்குறளில் அரணுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. நீர், நிலம், மலை, காடு என அரணின் வகைகளைக் கூறிய வள்ளுவர், எவ்வளவு சிறந்த அரணாயினும் உள்ளிருப்போர் செயலில் தவறினால் அது பயன்படாது என்று அவ்வதிகாரத்தை முடிக்கிறார். வீட்டுக் கணினிக்கும் அதுவே நிலை. தீயரணும் நச்சுநிரல் தடுப்பானும் இன்று இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகின்றன. விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்னும் தடுப்பான் உடனிணைந்து வருவதால், இணையத்தில் மேலெழும் விளம்பரம் காட்டும் தடுப்பானை விலைகொடுத்து வாங்க வேண்டிய தேவை வீட்டுக் கணினிக்குப் பெரும்பாலும் இல்லை.

திருத்தங்களை நிறுவுவதே முதன்மையான காவல். வேலைக்கு நடுவே கணினி மறுதொடக்கம் கேட்பதால் பலரும் அதனைத் தள்ளிப்போடுகின்றனர். 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் பணயத் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவி, இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் படிக்க இயலாதவாறு மறையாக்கம் செய்தது. விடுவிக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. அதற்குரிய திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன், மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. பிளாஸ்டர் புழு கற்பித்த பாடம் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் கற்கப்படாமல் இருந்தது.

திருத்தம் வருவது நின்றுபோன இயங்குதளத்தை வைத்துக்கொண்டு வங்கிப்பணிகளைச் செய்வது தகாது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் முடிந்தது. புதிய கணினி வாங்க இயலாத வீடுகள், பழைய கணினியில் கட்டற்ற லினக்ஸ் இயங்குதளங்களுள் ஒன்றை நிறுவிக்கொள்ளலாம். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இயங்குதளமும் லினக்ஸ் வகையைச் சேர்ந்ததே.

அன்றாடப் பயன்பாட்டிற்கு நிர்வாகி உரிமையற்ற தனிக்கணக்கை வைத்துக்கொள்வது பலரும் செய்யாத, ஆனால் மிகுந்த பயன் தரும் செயலாகும். அக்கணக்கில் இருக்கும்போது எந்த நிரலும் நிர்வாகியின் கடவுச்சொல் இன்றிக் கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்ற இயலாது. தம்பி தங்கையர் விளையாடும் கணினியில் இது இன்றியமையாதது.

கடவுச்சொல்லைப் பற்றி எல்லாரும் அறிவர், எல்லாரும் தவறுவர். 2009ஆம் ஆண்டு 'ராக்யூ' என்னும் தளத்திலிருந்து 3 கோடியே 20 இலட்சம் கடவுச்சொற்கள் கசிந்தன. அவற்றுள் 2,90,000 பேருக்கு மேல் 123456 என்பதையே கடவுச்சொல்லாக வைத்திருந்தனர். ஒன்றுக்கொன்று தொடர்பற்ற நான்கைந்து சொற்களை இணைத்து அமைக்கும் நீண்ட கடவுச்சொல், நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் கடினம். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்தல் கூடாது. மின்னஞ்சலைக் கைப்பற்றியவர், பிற கணக்குகளின் கடவுச்சொற்களை அதன் வழியே மாற்றிக்கொள்வார்.

முகவரியைப் படிக்கும் பழக்கமும் வேண்டும். அரசுத் தளங்களின் பெயர் பெரும்பாலும் 'கவ்.இன்' அல்லது 'என்ஐசி.இன்' என்று முடியும். பெயரின் முதற்பகுதியில் எச்சொல்லையும் யாரும் வைத்துக்கொள்ளலாம். முதல் சாய்கோட்டிற்கு முன்னுள்ள இறுதிப்பகுதியே உரிமையாளரைக் காட்டும். முகவரியின் அருகில் உள்ள பூட்டுக்குறி, இடையில் வேறொருவர் செய்தியைப் படிக்க இயலாது என்பதை மட்டுமே உணர்த்துகிறது. மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்று அது சான்றளிப்பதில்லை.

இத்தனை காவலையும் மீறித் தீநிரல் புகுந்தால் காப்பது காப்புப்படி ஒன்றே. ஒளிப்படங்களையும் சான்றிதழ் நகல்களையும் தனி வன்தட்டில் படியெடுத்து, அவ்வன்தட்டைக் கணினியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். இணைந்தே இருக்கும் வன்தட்டையும் பணயத் தீநிரல் விட்டுவைக்காது. வான்னாகிரை தாக்கியபோது கழற்றிவைத்த காப்புப்படி உடையவர்கள், கணினியை அழித்து மீண்டும் அமைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தனர்.

இழப்பு நேர்ந்தபின்

போலி எண்ணை அழைத்து, கணினியின் கட்டுப்பாட்டையும் கொடுத்துவிட்டதாக உணர்ந்தால் முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். கடவுச்சொற்களை அக்கணினியில் மாற்றுதல் கூடாது. வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். நிறுவச்சொன்ன மென்பொருளை நீக்கி, தீநிரல் சோதனை செய்த பின்னரே அதனை மீண்டும் இணைக்கலாம். இந்திய அரசின் கணினி அவசரநிலை மறுமொழிக் குழு, 2017ஆம் ஆண்டு முதல் 'சைபர் சுவச்சதா கேந்திரா' என்னும் மையத்தின் வழியே தீநிரல் நீக்கும் கருவிகளைக் கட்டணமின்றி வழங்கிவருகிறது.

பணம் சென்றிருந்தால் வங்கிக்கும், 1930 என்னும் தேசிய இணையக்குற்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. ஏமாந்ததை வெளியில் சொல்ல நாணி, ஓரிரு நாள் கடத்துவோர் பலர். மோசடிக்காரர் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை; கணக்கு விட்டுக் கணக்கு மாற்றிக்கொண்டே இருப்பார். பணம் இடைக்கணக்கில் இருக்கும்போதே புகார் சென்றால்தான் அதனை முடக்க இயலும். புகாரில் பணம் சென்ற நேரம், பரிமாற்ற எண், அழைத்த தொலைபேசி எண், திரையில் தோன்றிய எச்சரிக்கையின் படம் ஆகியவை இடம்பெற வேண்டும். பதற்றத்தில் அழைப்புப் பதிவுகளையும் குறுஞ்செய்திகளையும் அழித்துவிடாமல் வைத்திருந்தால், இவற்றைத் திரட்டுவதற்குச் சில நிமிடங்களே ஆகும்.